பக்கத்துக்கு எவ்வளவுங்க?

வெப்சைட் செய்து தரும் தொழிலில், எங்கள் கொங்குப் பக்கத்தில் எல்லாப் பேச்சும் இப்படித்தான் தொடங்கும்: "ஏனுங் தம்பி, பக்கத்துக்கு எவ்வளவுங் ஆகும்?" சோமனூர்க்காரரும் இதைத்தான் கேட்பார், அவிநாசிக்காரரும் இதைத்தான் கேட்பார். கேட்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அஞ்சு பக்கம் என்றால் இவ்வளவு, பத்துப் பக்கம் என்றால் இவ்வளவு என்று விலைப்பட்டியல் போட்டுப் பழக்கியது எங்கள் தொழில்தான்.

அந்த அஞ்சு பக்கம் எவை என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். ஹோம், அபவுட் அஸ், ப்ராடக்ட்ஸ், கேலரி, கான்டாக்ட். தறி ஓட்டுகிறவருக்கும் இதே அஞ்சு, கல்யாண மண்டபத்துக்கும் இதே அஞ்சு, பல் டாக்டருக்கும் இதே அஞ்சு. சொல்ல எதுவும் இல்லாத பக்கத்தைப் பெரிய படம் போட்டு நிரப்புகிறார்கள். சொல்ல நிறைய இருக்கிற பக்கத்தில் இடமில்லை என்று பாதியை வெட்டுகிறார்கள். பக்க எண்ணிக்கையைக் காசோடு சேர்த்துக் கட்டியதால் வந்த வினை இது.

ஒரு பக்கம் எவ்வளவு நீளம் போகலாம், எதை மேலே வைக்க வேண்டும், எதைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைக்கிறேன். தமிழில் வெப்சைட் செய்கிறவர்களுக்கு இதில் தனிக் கணக்குகள் சில உண்டு. ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் அவை இருப்பதில்லை.

தறியும் திரையும்

கருமத்தம்பட்டியில் நெடுஞ்சாலையை விட்டுச் சோமனூர்ப் பக்கம் திரும்பினால் தறிச் சத்தம் காதில் விழாத தெரு குறைவு. அதனால் இங்கே பக்க நீளத்தை விளக்குவது எனக்கு எளிது. துணியின் அகலத்தைத் தறி முடிவு செய்கிறது. அதற்கு மேல் ஓர் அங்குலம் வேண்டும் என்றாலும் வேறு தறிக்குத்தான் போகவேண்டும். நீளம் அப்படியில்லை, பாவு இருக்கும்வரை ஓடும். ஃபோன் திரையும் இதேதான். அகலம் நம் கையில் இல்லை, நீளம் முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆகவே முதலில் அகலத்துக்கு அடங்குகிற மாதிரி எழுத்தையும் படத்தையும் அடுக்க வேண்டும். நீளத்தைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் பலர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோன்களின் அகலம், வெப்சைட் செய்கிறவர்கள் போடும் பிக்சல் கணக்கில் 360-லிருந்து 412-க்குள் இருக்கும். 360-ல் இரண்டு ஓரத்திலும் இடம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 330. 2010 மே மாதம் ஈத்தன் மார்கோட் 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், ஒரே பக்கம் திரைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் முறைக்கு 'ரெஸ்பான்சிவ்' என்ற பெயர் வந்தது. அதற்கு முன்பு 960 பிக்சல் அகலத்தில் கட்டம் போட்டு, கம்ப்யூட்டருக்கென்றே பலரும் செய்துகொண்டிருந்தார்கள். 2018-ல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல் வழிகாட்டி ஒரு தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது: 320 பிக்சல் அகலத்தில் பார்த்தாலும், பக்கத்தைப் பக்கவாட்டில் இழுக்காமல் முழுதும் படிக்க முடிய வேண்டும். பார்வை மங்கியவர்கள் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால் கம்ப்யூட்டர் திரையிலேயே இதே நிலைமைதான் வரும். நாற்பது வருடம் தறிக்குப் பக்கத்தில் நின்ற கண்களை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை தெரியும்.

துணி வாங்க வருகிறவர் என்ன தேடுகிறார்

காடா துணி (வெளுக்காத, சாயமேற்றாத துணி) உற்பத்தி செய்கிற ஓர் அண்ணனுக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து, அவருக்கு வரும் ஃபோன் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இவற்றைத்தான். நூல் எத்தனையாம் நம்பர், ரீடு (அங்குலத்துக்குப் பாவு இழை) எவ்வளவு, பிக் (அங்குலத்துக்கு ஊடை இழை) எவ்வளவு, அகலம் எத்தனை அங்குலம், சாதாத் தறியா ஆட்டோலூமா, மாதம் எத்தனை மீட்டர் தர முடியும், விலை என்ன. நிறுவனம் எந்த வருடம் தொடங்கியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவருடைய பழைய வெப்சைட்டில் முதலில் வந்தது, தானாக நகரும் நான்கு படங்கள். பஞ்சுச் செடி, நூல்கண்டு, கைகுலுக்கும் இரண்டு கைகள், சூரிய உதயம். அதற்குக் கீழே நிறுவனத்தின் லட்சியம். அதற்கும் கீழே ஆறு சின்னப் படங்கள். ரீடும் பிக்கும் எங்கேயும் இல்லை. கேட்டேன்.

"அதெல்லாம் ஃபோன்ல சொல்லிக்குவமுங்க தம்பி."

"அண்ணா, அப்ப வெப்சைட் எதுக்குங்க?"

"ஒரு மருவாதிக்குத்தானுங்க."

மரியாதைக்கு வெப்சைட் வேண்டும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். தன் தொழிலைப் பற்றி உலகத்துக்கு முன்னால் ஒரு பலகை மாட்ட யாருக்கும் ஆசை இருக்கும். ஆனால் வடநாட்டில் உட்கார்ந்து துணி தேடுகிற ஒருவர் மதிப்பது, தன் கேள்விக்கு உடனே பதில் வைத்திருக்கிறவரைத்தான். ஆகவே துணி ரகங்களை முதல் திரைக்கே கொண்டுவந்தோம்.

அங்கேதான் அடுத்த சிக்கல். ரகங்கள் என்றால் பட்டியல், பட்டியல் என்றால் அட்டவணை. ஏழு பத்தி உள்ள அட்டவணை ஃபோனில் நிற்காது. எழுத்தைச் சின்னதாக்கி அடைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு ரகத்தையும் தனிப் பெட்டியாக்கி, பெயரை மேலே வைத்து, விவரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது ஒரு வழி. அட்டவணையை மட்டும் பக்கவாட்டில் நகரவிட்டு, முதல் பத்தியை நகராமல் நிறுத்துவது இன்னொரு வழி. டபிள்யூசிஏஜி விதிகூட அட்டவணைக்கு இந்த விலக்கைத் தருகிறது.

எதை எடுப்பது? ஒரு ரகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும் என்று வருகிறவருக்குப் பெட்டி நல்லது. இரண்டு ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு அட்டவணையை உடைத்தால் போச்சு. மேலும் கீழும் ஏறி இறங்கியே களைத்துப் போவார். துணி வாங்குகிறவர் ஒப்பிடுகிறவர். அட்டவணையையே வைத்தோம். பக்கம் நீளமாகத்தான் போனது. யாரும் குறை சொல்லவில்லை, தேடி வந்தது முதல் திரையிலேயே கண்ணில் பட்டதால்.

மடிப்புக்கு மேலே

பக்கம் நீளமானால் யாரும் கீழே வரமாட்டார்கள் என்ற பயம் வெகுகாலமாக இருக்கிறது. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. செய்தித்தாளை மடித்துக் கடையில் அடுக்கும்போது வெளியே தெரிவது மேல் பாதி மட்டும். முக்கியச் செய்தி அந்த மடிப்புக்கு மேலே வந்தாக வேண்டும். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் இன்னும் ஒரு படி போய், தலைப்பை மட்டும் பெரிய எழுத்தில் தனித் தாளில் அச்சடித்து டீக்கடை வாசலில் தொங்கவிட்டன. வெப்சைட் வந்தபோது அந்த மடிப்பும் கூடவே வந்துவிட்டது. ஃபோனையோ கம்ப்யூட்டரையோ தொடாமல் முதலில் கண்ணில் படும் பகுதிக்கு அந்தப் பெயர்.

வெப்சைட்டுகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஜேக்கப் நீல்சன். 1996-ல் அவர் எழுதியபோது, கீழே இறங்கிப் பார்ப்பவர்கள் பத்தில் ஒருவர்தான் என்றார். மறு வருடமே, மக்கள் பழகிவிட்டார்கள், நீளமான பக்கம் குற்றமில்லை என்று அவரே மாற்றிக்கொண்டார். அவருடைய நிறுவனம் கண்ணின் அசைவை அளக்கும் கருவி வைத்துச் செய்த ஆய்வில், 2010-ல் பார்வை நேரத்தின் 80 சதவீதம் மடிப்புக்கு மேலேயே கழிந்தது. 2018-ல் அது 57 சதவீதமாக இறங்கியது. முதல் இரண்டு திரைகளுக்குள் 74 சதவீதம்.

இந்த எண்களை வைத்து, நீளப் பக்கம் வேண்டும் என்கிறவர்கள், வேண்டாம் என்கிறவர்கள் ஆகிய இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பக்கம் வாதாடுவார்கள். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: மனிதர்கள் கீழே வரத் தயங்குவதில்லை. ஆனால் கீழே ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கையை மேல்பகுதி கொடுக்க வேண்டும். முழுத் திரையையும் ஒரே படத்தால் மூடி, அதன்மேல் 'நல்வரவு' என்று மட்டும் எழுதிவைத்தால், பக்கம் அங்கேயே முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். படத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, அடுத்த பகுதியின் தலைப்பு பாதியாவது எட்டிப் பார்க்கும்படி விட்டால் விரல் தானாகப் பக்கத்தை மேலே தள்ளும்.

தமிழ் நூல்களிடம் கற்க வேண்டியது

நீளமான பக்கமா, துண்டு துண்டான பக்கமா என்ற கேள்விக்குத் தமிழ் இணையத்திலேயே அருமையான உதாரணங்கள் இருக்கின்றன. வடிவமைப்புப் பாடம் நடத்துகிறவர்கள் அவற்றைப் பேசாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தியது. நூல்களை அவர்கள் அலங்காரம் எதுவும் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக இட்டிருக்கிறார்கள். பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் ஒரு சொல் எங்கே வருகிறது என்று தேடுகிற ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதி இல்லை. பக்கத்துக்குள்ளேயே சொல்லைத் தட்டித் தேடலாம், மொத்தமாகச் சேமித்து வைக்கலாம், இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்கலாம். பெரிய நூல் என்றால் பாகங்களாகப் பிரித்தார்கள். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், 293 அத்தியாயம். அதை ஒரே பக்கத்தில் ஓடவிட யாருக்கும் தோன்றாது.

2001-ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தன் நூலகத்தில் வேறு வழியை எடுத்தது. உரைநூல் பலவற்றை அச்சுப் புத்தகத்தின் பக்க எண்படியே பிரித்து, முன்பக்கம், அடுத்த பக்கம் என்று பொத்தான் வைத்தது. தொடர்ந்து படிக்கிறவருக்கு இது இடைஞ்சல். ஆனால் ஆய்வேட்டில் 'இந்தப் பதிப்பு, இத்தனையாம் பக்கம்' என்று மேற்கோள் காட்ட வேண்டிய மாணவருக்கு அந்தப் பக்க எண் பொன்.

மூன்றாவது ஜெயமோகனின் 'வெண்முரசு'. 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை, 26 நாவல்கள், நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வந்தது. ஒரு நாள் படிப்புக்கு ஒரு பக்கம். வாசகர் காலையில் திறந்து, ஒரே மூச்சில் கீழ்வரை போய், முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அந்த அத்தியாயத்தை மூன்று துண்டாக்கி 'அடுத்து' என்று பொத்தான் வைத்திருந்தால் வாசிப்பின் ஓட்டம் போயிருக்கும். பத்து அத்தியாயத்தை ஒன்றாகப் போட்டிருந்தால் நேற்று எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கும்.

மூன்றும் மூன்று நீளம், மூன்றும் சரி. தேடுகிறவர் ஒருவர், மேற்கோள் எடுப்பவர் ஒருவர், தினமும் வாசிப்பவர் ஒருவர். வருகிறவரின் காரியம் எதுவோ அதன் அளவுதான் பக்கத்தின் அளவு. செய்திக் கட்டுரையை ஆறு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் விளம்பரம் வைக்கிற தளங்கள் அந்தக் காரியத்தைப் பார்ப்பதில்லை, சொடுக்குகளை எண்ணுகின்றன. அந்த முறையை என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை.

தமிழுக்கு வேறு அளவு

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நாம் காசு கொடுத்து வாங்குகிற டெம்ப்ளேட் எல்லாம் ஆங்கிலத்தை வைத்துச் செய்தவை. அதில் தமிழை ஊற்றினால் வழிந்து நிற்கும்.

'கருமத்தம்பட்டியிலிருந்து' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு எழுத்து. தலைப்பு எழுத்தின் அளவு 32 பிக்சல் என்றால், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இது 330 பிக்சலைத் தாண்டிவிடும். உலாவி தமிழ்ச் சொல்லைத் தானாக நடுவில் உடைப்பது அரிது. சொல் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த ஒரு சொல்லுக்காக முழுப் பக்கமும் பக்கவாட்டில் ஆடும். வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்து நீளும் சொற்கள் நம் மொழியின் இயல்பு. அதற்காகத் தமிழைக் குறை சொல்லக் கூடாது; தலைப்பின் அளவைத்தான் 24-க்கோ 26-க்கோ இறக்க வேண்டும். தலைப்பை எழுதுகிறவரும் கொஞ்சம் யோசித்துச் சிறிய சொல்லாக எடுக்கலாம். அதோடு, சொல் எல்லை மீறினால் மட்டும் உடைக்கச் சொல்லும் கட்டளையை மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு ஓரமும் நேராக வெட்டின மாதிரி இருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். புத்தகத்தில் அது அழகுதான். செய்தித்தாளில் ஒடுங்கிய பத்தியிலும் சாத்தியம், ஏனென்றால் பக்கம் அமைக்கிறவர்கள் தமிழ்ச் சொல்லை ஏறக்குறைய எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். ஃபோனில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் வருகிறது. அவற்றை இழுத்து ஓரத்துக்குச் சேர்த்தால் நடுவில் குழி குழியாக விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து, வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே தமிழுக்கு நல்லது.

வரிகளுக்கிடையே இடைவெளியும் அப்படித்தான். மேலே புள்ளியும் இகரத்தின் வளைவும், கீழே உகரத்தின் வாலும் உள்ள எழுத்து நம்முடையது. ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல 1.4 மடங்கு போதும். தமிழுக்கு நான் 1.7-க்குக் குறைத்து வைப்பதில்லை. இதனால் மட்டுமே பக்கம் ஐந்தில் ஒரு பங்கு நீளும். நீளட்டும், படிக்க முடிகிறதே.

கம்ப்யூட்டர்த் திரையில் இதற்கு நேர்மாறான ஆபத்து. வரி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடினால், அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும். அச்செழுத்துக் கலை பற்றி ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் எழுதிய நூலில் வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்று ஒரு வரம்பு இருக்கிறது. அது லத்தீன் எழுத்துக்கான கணக்கு. தமிழில் எழுத்தை எண்ணுவதைவிடச் சொல்லை எண்ணுவது எனக்கு வசதியாக இருக்கிறது; வரிக்கு ஏழிலிருந்து ஒன்பது சொல். 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன் தோற்றத்தை மாற்றி வரியின் அகலத்துக்கு எல்லை போட்டபோது, வெற்றிடம் வீணாகிறது என்று பலர் சண்டை போட்டார்கள். அந்த வெற்றிடம் வீண் என்று நான் நினைக்கவில்லை. கண் ஓய்வெடுக்கிற இடம் அது.

இன்னொன்று. ஆங்கில வடிவமைப்பில் முக்கியமானதைக் காட்டப் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று வசதிகள் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்த்தால் எழுத்து நொண்டுகிறது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை அதிகமாக்கினால் சில நேரம் கொம்பும் காலும் தங்கள் எழுத்தை விட்டு விலகி நிற்கும். நமக்கு மிஞ்சுவது அளவு, தடிமன், நிறம், சுற்றிலும் விடுகிற இடம் ஆகிய நான்குதான். அதனால் தமிழ்ப் பக்கம் நீளமாக இருந்தால் துணைத்தலைப்புகள் கட்டாயம் வேண்டும். அவற்றுக்கு மேலே விடும் இடம் கீழே விடுவதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், எந்தப் பத்திக்குரிய தலைப்பு என்று அப்போதுதான் தெரியும்.

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று நினைத்து, ஃப்ளெக்ஸ் பேனர் செய்கிறவரிடம் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்து வாங்கி, படமாகவே ஏற்றிவிடுகிற பழக்கம் நம் ஊர்ப்பக்கம் நிறைய இருக்கிறது. அந்தப் படம் ஃபோனில் சுருங்கும், எழுத்தும் கூடவே சுருங்கிவிடும். கூகுள் தேடலில் சரியாக அகப்படாது. கண் தெரியாதவருக்காகப் படித்துக் காட்டும் மென்பொருள் அதைப் படிக்காது. ஒரு ஃபோன் எண்ணைத் தொட்டு அழைக்கக்கூட முடியாது. தமிழுக்கு யூனிகோடு வந்து இத்தனை வருடம் ஆனபிறகும், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கும்போதும் இப்படிச் செய்வது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நீளமும் எடையும்

நீளமான பக்கம் மெதுவாகத் திறக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. இணையத்தில் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் (உயிர்க்குறியும் புள்ளியும்கூடத் தனிக் குறிதான்) மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். 'கருமத்தம்பட்டி' என்பது 14 குறி, 42 பைட். ஆங்கில எழுத்தில் 15 பைட். கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்றதும் பெரிதாகத் தெரியும். ஆனால் 2500 சொல் உள்ள ஒரு கட்டுரையே சுமார் 60, 70 கிலோபைட்தான். சர்வர் அதைச் சுருக்கி அனுப்பும்போது இன்னும் வெகுவாகக் குறையும். தறிக்கூடத்தில் ஃபோனில் எடுத்து அப்படியே ஏற்றுகிற ஒரு போட்டோ மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். அதாவது அந்த ஒரு படத்தின் எடையில் இந்த மாதிரி நாற்பது, ஐம்பது கட்டுரை போடலாம். பக்கம் மெதுவாக வருகிறதென்றால் எழுத்தை வெட்டாதீர்கள், படத்தைச் சுருக்குங்கள்.

எது தனிப் பக்கம்?

பிரிப்பதற்கு நான் வைத்திருக்கிற சோதனை எளிது. வாட்ஸ்அப்பில் ஒருவர் இன்னொருவருக்கு எதை அனுப்புவார்? அது தனிப் பக்கமாக இருக்க வேண்டும்.

கல்யாண மண்டபம் என்றால், "இந்த மண்டபம் பாருங்க மாமா" என்று ஒரே ஒரு லிங்க் போகும். பெறுகிறவர் அதில் எத்தனை பேர் உட்காரலாம், பந்தியில் ஒரு முறைக்கு எத்தனை இலை, ஒறம்பரை (உறவினர்) தங்க எத்தனை அறை, வண்டி நிறுத்த இடம், வாடகை, வழி எல்லாம் பார்க்க வேண்டும். ஆகவே ஒரே பக்கம், நீளமாக. அஞ்சாகப் பிரித்தால் வாடகை ஒரு இடத்திலும் வழி இன்னொரு இடத்திலும் கிடக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு அது ஒத்துவராது. சேர்க்கைக்கு வரும் பெற்றோர் வேறு, பிள்ளையை ஏற்கனவே சேர்த்துவிட்டு விடுமுறை அறிவிப்பைத் தேடுகிறவர் வேறு. சிபிஎஸ்இ பள்ளி என்றால் கட்டாயம் வெளியிட வேண்டிய விவரப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதைப் பார்ப்பவரும் வேறு. மூன்றும் தனித்தனி. எங்கள் ஊரான கருமத்தம்பட்டியில் உள்ள ஜெபமாலை அன்னை பசிலிக்காவின் அக்டோபர்த் திருவிழாவுக்காக வெளியூரிலிருந்து கிளம்புகிறவர் தேடுவது பூசை நேரமும் தேர் நாளும்தான். கோயில் என்றாலும் இதே கதைதான், நடை திறக்கும் நேரம். வரலாறு எத்தனை பெருமையாக இருந்தாலும் நேரம் மேலேயும் வரலாறு தனிப் பக்கத்திலும் இருக்கட்டும். வரலாற்றை ரசித்துப் படிக்கிறவர் ஒரு சொடுக்கு கூடுதலாகச் செய்யத் தயங்கமாட்டார். பேருந்தில் நின்றுகொண்டு நேரம் தேடுகிறவரால் அது ஆகாது.

துணி ரகங்களுக்கு இடைப்பட்ட வழி. எல்லா ரகமும் ஒரே அட்டவணையில், ஆனால் ஒவ்வொரு ரகத்துக்கும் பக்கத்துக்குள்ளேயே ஓர் அடையாளம் வைத்துவிட்டோம். அந்த லிங்க்கை அனுப்பினால் பக்கம் நேராக அந்த ரகத்திலேயே போய் நிற்கும். நீளமான பக்கத்துக்கும் தனிப் பக்கத்துக்கும் உள்ள சண்டையில் பாதியை இந்தச் சின்ன வசதி தீர்த்துவிடும்.

லிங்க் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முகவரியைத் தமிழிலேயே வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக ஒன்பது எழுத்தாக விரிந்துவிடுகிறது. கருமத்தம்பட்டி என்ற ஊர்ப் பெயர் மட்டும் 126 எழுத்து. பெறுகிறவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருக்கட்டும், உள்ளே எல்லாம் தமிழில்.

முடிவே இல்லாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கும் ஸ்க்ரோலை மட்டும் யார் கேட்டாலும் நான் செய்து தருவதில்லை. 2006-ல் அதை உருவாக்கிய ஏசா ரஸ்கினே பிற்காலத்தில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். பொழுதுபோக்குத் தளத்துக்கு அது லாபமாக இருக்கலாம். தொழில் செய்கிறவரின் ஃபோன் எண்ணும் முகவரியும் பக்கத்தின் அடியில் இருக்கும். அடியே வராத பக்கத்தில் அவற்றை எப்படி எட்டுவது? 'மேலும் காட்டு' என்று ஒரு பொத்தான் போதும்.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒரு நீளம் இருக்கிறது, ஏ4 தாள். நம் ஊரில் ரகப் பட்டியலைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் போட்டு, மேலே பேனாவால் விலை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. அந்தக் காடா துணி அண்ணனின் அலுவலகத்திலும் அப்படித்தான். பிரின்ட் கொடுத்தால் மெனுவும் படங்களும் வராமல், அட்டவணை மட்டும் தாளுக்கு அடங்கி வரும்படியும், ஒரு ரகத்தின் வரி இரண்டு தாளுக்கு நடுவில் வெட்டுப்படாமலும், ஒவ்வொரு தாளின் தலையிலும் பத்தித் தலைப்புகள் மறுபடி வரும்படியும் தனியாகக் கட்டளை எழுத வேண்டும். அதிக வேலையில்லை, பத்துப் பதினைந்து வரிதான். எழுதிவிட்டு, ஒரு தாளாவது உண்மையிலேயே பிரின்ட் எடுத்துப் பாருங்கள். தமிழ் எழுத்துரு திரையில் ஒரு மாதிரியும் தாளில் ஒரு மாதிரியும் வரும். திரையில் சரியாகத் தெரிகிற மெல்லிய எழுத்து, மை குறைந்த லேசர் பிரின்டரில் புள்ளி மறைந்து வரும். தாளுக்கு மட்டும் ஒரு படி தடித்த எழுத்தை வையுங்கள்.